ஒரே மலை, மூன்று புறப்பாடுகள்: அயல்மண்ணின் முதல் மாதங்கள்



சேரம்பாடி, கொளப்பள்ளி, சேரங்கோடு, பந்தலூர், தேவாலா என்று நம் பகுதியில் எந்த லைன் வீட்டுக்குச் சென்றாலும் இன்று ஒரே பேச்சுதான். "பையனுக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது", "மகள் குவைத்துக்குப் போகிறாள்", "தம்பிக்கு மலேசியா விசா வந்துவிட்டது." சம்பளம் எவ்வளவு, ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், விமானம் எந்தத் தேதியில் என்று எல்லாவற்றையும் நாம் விசாரிக்கிறோம். ஒன்றை மட்டும் விசாரிப்பதில்லை. போய் இறங்கிய பிறகு முதல் ஆறு மாதங்கள் அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடப் போகிறது? அதற்கு அவனை நாம் தயார் செய்திருக்கிறோமா?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நம்மைவிடத் தகுதியானவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. ஏனெனில் அயல்மண்ணில் முதன்முதலாகக் கால்வைத்து வாழ்வதும் வேலை செய்வதும் எப்படி இருக்கும் என்பதை நம் குடும்பங்களில் பல, ஒரு முறை அல்ல, இரண்டு முறை அனுபவித்திருக்கின்றன. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் இலங்கைக்குப் போனோம். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து இங்கே வந்தோம். இப்போது பேரப்பிள்ளைகள் வளைகுடாவுக்குப் புறப்படுகிறார்கள். முதல் இரண்டு புறப்பாடுகளின் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்தால் மூன்றாவது புறப்பாட்டுக்குத் தேவையான பாடம் அங்கேயே கிடைக்கும்.

பண்பாட்டு அதிர்ச்சி என்றால் என்ன?

புதிய நாட்டில் ஏற்படும் இந்தத் தடுமாற்றத்துக்கு அறிஞர்கள் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். கனடா நாட்டு மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஆற்றிய உரையில் இதைத் தெளிவாக விளக்கினார். 1960இல் அது கட்டுரையாகவும் வெளிவந்தது. அவர் சொன்ன அடிப்படைக் கருத்து எளிமையானது. நம் ஊரில் வாழும்போது ஆயிரம் சிறு அடையாளங்கள் நம்மை வழிநடத்துகின்றன. யாருக்கு எப்போது வணக்கம் சொல்வது, பெரியவர் வந்தால் எழுவதா, ஒருவர் சிரித்தால் அதன் பொருள் என்ன, 'பார்க்கலாம்' என்று சொன்னால் அது ஆமாவா இல்லையா என்பதெல்லாம் யோசிக்காமலே நமக்குத் தெரியும். அயல்நாட்டில் இந்த அடையாளங்கள் அத்தனையும் ஒரே நாளில் பயனற்றுப் போகின்றன. படித்தவனானாலும் உழைப்பாளியானாலும் அவன் அங்கே சிறுபிள்ளைபோல் ஆகிவிடுகிறான். அதனால்தான் பெரிய துன்பங்களைத் தாங்குகிறவர்கள்கூட அங்கே சின்ன விஷயங்களுக்கு உடைந்து போகிறார்கள்.

இந்த அதிர்ச்சி ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதில்லை. முதல் சில வாரங்கள் எல்லாம் வியப்பாக இருக்கும். உயரமான கட்டடங்களும் அகலமான சாலைகளும் மனதை நிறைக்கும். அதன்பின் வரும் காலம்தான் கடினமானது. உணவு பிடிக்காது, உறக்கம் வராது, அந்நாட்டு மக்கள் எல்லாரும் மோசமானவர்கள் என்று தோன்றும், சொந்த ஊர் சொர்க்கமாகத் தெரியும். பிறகு மெல்ல மெல்ல மொழி பிடிபடும், நண்பர்கள் கிடைப்பார்கள், நடுங்காமல் கடைக்குப் போய்வர முடியும். கடைசியில் அந்த வாழ்க்கையும் ஒரு வாழ்க்கைதான் என்று மனம் அமைதி பெறும்.

நார்வே நாட்டைச் சேர்ந்த லிஸ்கார்ட் என்பவர், அமெரிக்காவில் தங்கிப் படித்துத் திரும்பிய தம் நாட்டவர்களை ஆராய்ந்து 1955இல் இதையே ஒரு வளைகோடாக விளக்கினார். முதலில் உயரம், நடுவில் பள்ளம், மீண்டும் உயரம். 1963இல் கல்லஹார்ன் தம்பதியர் இதனுடன் இன்னொரு உண்மையைச் சேர்த்தார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பும்போதும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது என்பதே அது. எல்லாரும் இதே வரிசையில்தான் இதைக் கடப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளம் ஒன்று உண்டு, அது கடக்கக் கூடியது என்று முன்பே தெரிந்தவன் அதில் விழுந்தாலும் எழுந்துவிடுவான்.

முதல் புறப்பாடு: கடல் கடந்த கொழுந்து

இலங்கையின் மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பி பயிரிடத் தொடங்கியபோது, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து தமிழகத்து ஏழைகள் அங்கே சென்றார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நடையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர்கள் எத்தனையோ பேர்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கியது. காப்பி அழிந்தது, தேயிலை வளர்ந்தது. காப்பிக்கு ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே அதிக ஆட்கள் தேவை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார்கள்.

வெயிலுக்குப் பழகிய அந்த மக்களுக்கு முதல் அதிர்ச்சி குளிர். இரண்டாவது நேரம். கிராமத்தில் சூரியனையும் மழையையும் பார்த்து வேலை செய்தவர்கள், இங்கே விடியுமுன் தப்பு ஒலிக்கப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டியிருந்தது. மூன்றாவது வீடு. முற்றமும் திண்ணையும் கண்டவர்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயத்து அறைகளில் ஒடுங்க வேண்டியிருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்கென்று ஓர் உலகத்தை அங்கே உண்டாக்கினார்கள். கோயில்களையும் சிற்றாலயங்களையும் கட்டினார்கள், கூத்து ஆடினார்கள், பிள்ளைமடுவத்தில் விட்ட குழந்தைகளுக்குத் தமிழில் தாலாட்டுப் பாடினார்கள். சில தலைமுறைகளில் அந்த மலை அவர்களது மலையானது.

இரண்டாம் புறப்பாடு: அறியாத தாய்நாடு

1948ஆம் ஆண்டு இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்களாக இருந்த சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் அந்த மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை என்பது வரலாற்றின் வேதனை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு அவர்கள் வெவ்வேறு திசைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சிலருக்கு வணிகக் கடன், சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்குக் கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளிலும் ரப்பர்த் தோட்ட வேலை. தமிழக அரசு 1968இல் வனத்துறை மூலமாக நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டேன்டீ ஆயிற்று. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம், தேவாலா, பாண்டியாறு என்று நம் பகுதியின் பெயர்கள் அந்த மக்களின் முகவரிகள் ஆயின.

அரசு ஆவணங்கள் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று அழைத்தன. ஆனால் இவர்களில் பலர் இலங்கையில் பிறந்தவர்கள், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். பிறந்த நாட்டிலிருந்து கிளம்பி, பார்க்காத நாட்டுக்கு வந்ததைத் திரும்புதல் என்று சொன்னது அரசின் கணக்கு. அவர்களுக்கோ இதுதான் அயல்நாடு. அதனால் அதிர்ச்சியும் இருமடங்காக இருந்தது. அயல்நாட்டுக்குப் போகிறவன், அங்கே எல்லாம் வேறாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறான். தாய்நாட்டுக்கு வருகிறவன் எல்லாம் தன்னுடையதாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறான். எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிதோ, ஏமாற்றமும் அவ்வளவு பெரிது.

மொழி ஒன்றுதான். ஆனாலும் சொற்கள் வேறாக இருந்தன. அங்கே 'பாண்' என்றால் யாருக்கும் தெரியும், இங்கே கடைக்காரர் விழித்தார். 'ரொட்டி' கேட்டால் தோட்டத்து வீட்டில் சுட்ட மாவு ரொட்டிக்குப் பதிலாக பேக்கரியின் ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். அங்கே கங்காணி, இங்கே மேஸ்திரி. அங்கே கணக்கப்பிள்ளை, இங்கே ரைட்டர். அங்கே சதம், இங்கே பைசா. அங்கே லயம், இங்கே லைன், வயநாட்டுப் பக்கம் போனால் பாடி. தேயிலையோடு பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேநீரே மாறியிருந்தது. அங்கே பழகியது பாலில்லாத பிளேன்டீ, இங்கே பாலோடு கொதிக்க வைத்த டீ.

வாரத்தின் நாட்களும் இந்த அதிர்ச்சிக்குத் தப்பவில்லை. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இல்லை. பௌத்தர்களின் போயா நாட்களே விடுமுறையாக இருந்தன. நிலவின் கணக்குப்படி வாரம் நகர்ந்தது. அந்த ஆண்டுகளில் கப்பலேறி வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, ஞாயிறு தவறாமல் ஓய்வு நாளாக வருவதே புதுமையாக இருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரு வருடத்தில் பழகிக்கொள்ளலாம். பழக முடியாத அதிர்ச்சிகளும் இருந்தன. பூர்வீக ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே நிலம் இருக்கவில்லை, பல உறவினர்களுக்கு முகமும் தெரியவில்லை. தோட்டத்து வாழ்வில் ஓரளவு தளர்ந்திருந்த சாதிக் கட்டு, கிராமத்தில் முதல் கேள்வியாக எதிரே நின்றது. பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள், அதை நிரூபிக்கும் காகிதம் கடலுக்கு அப்பால்கூட இல்லை. இலங்கையில் 'இந்தியக்காரன்', 'கள்ளத்தோணி' என்று இகழப்பட்டவர்கள், இந்தியாவில் 'சிலோன்காரன்' ஆனார்கள். இரு நாட்டிலும் வெளியாள் என்ற பட்டம் கிடைத்ததே அந்தத் தலைமுறையின் ஆறாத புண்.

இதன் மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மலை அதிர்ச்சி தந்தது போலவே, இங்கே முன்பே வாழ்ந்தவர்களுக்கு அவர்களது வருகை அதிர்ச்சி தந்தது. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் ஆகிய பழங்குடியினருக்கும் வயநாடன் செட்டிகளுக்கும் இந்தக் காடு வீடாகவும் விளைநிலமாகவும் இருந்தது. மலையாளக் குடியேறிகள் ஒருபுறம், தேயிலைக்காக அழிக்கப்பட்ட காடு மறுபுறம் என்று அவர்கள் இருந்த இடத்திலேயே அயலாராக ஆனார்கள். நாடுவிட்டுப் போகாமலே ஒருவன் அயல்நாட்டில் வாழ நேரிடும் என்பதற்கு அவர்களே சான்று. தேயிலை நட்ட கைகளும் ஏழைக் கைகள்தான், காட்டை இழந்த கைகளும் ஏழைக் கைகள்தான். ஒருவர் துன்பத்தை ஒருவர் அறிய நெடுங்காலம் ஆனது.

மூன்றாம் புறப்பாடு: வெள்ளிக்கிழமை ஞாயிறு

இன்று டேன்டீ நலிந்திருக்கிறது. 2022இல் அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற கவலை ஒருபுறம், யானை பயம் மறுபுறம். எனவே பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும், அங்கிருந்து வளைகுடாவுக்கும் போகிறார்கள். அவர்களுக்கு அங்கே எதிர்ப்படும் வியப்புகள் சிலவற்றை விளக்குவோம்.

முதலில் வாரம். குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான், சவூதி அரேபியா நாடுகளில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறு வேலை நாள். ஐக்கிய அரபு அமீரகம் மட்டும் 2022 சனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி பிற்பகலோடு சனி, ஞாயிறு என்று மாற்றிக்கொண்டது. அதனால் வளைகுடாவின் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு திருப்பலியை வெள்ளிக்கிழமையிலேயே நிறைவேற்றும் வழக்கம் உண்டு. துபாயிலும் அபுதாபியிலும் குவைத்திலும் தோகாவிலும் ஆலயங்கள் இருக்கின்றன, பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. சவூதி அரேபியாவில் பொது ஆலயம் கிடையாது. இதை அறியாமல் போகிறவர்கள் 'இங்கே ஞாயிறே இல்லை' என்று மனம் சோர்கிறார்கள். நம் தாத்தாமார் போயா வாரத்தில் ஜெபமாலையை விடாமல் வாழ்ந்ததை அவர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டும்.

அடுத்து ரமலான் மாதம். பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் சில நாடுகளில் சட்டப்படி குற்றம். தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதற்குமுன் சுற்றிலும் பார்க்க வேண்டும். இதை அடக்குமுறை என்று நினைப்பவனுக்கு அந்த மாதம் சிறையாகும். தவக்காலத்தில் நாம் மேற்கொள்ளும் நோன்போடு ஒப்பிட்டுப் பார்ப்பவனுக்கு அது பக்கத்து வீட்டுக்காரரின் பக்தியாகத் தெரியும்.

மூன்றாவது பேச்சு. 'இன்ஷா அல்லாஹ்' என்றால் 'இறைவன் நாடினால்' என்று பொருள். அது உறுதியான வாக்காகவும் இருக்கலாம், மரியாதையான மறுப்பாகவும் இருக்கலாம். சொல்லும் தொனியைக் கேட்டுத்தான் அறிய முடியும். நாமோ 'சரி' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். வெளிநாட்டுக்காரர் அதை 'இல்லை' என்று புரிந்துகொள்வார். இதைவிட ஆபத்தான ஒரு பழக்கமும் நமக்கு உண்டு. புரியாவிட்டாலும் மரியாதைக்காக 'சரி சார்' என்று சொல்லிவிடுவோம். தேயிலைத் தோட்டத்தில் துரையிடம் மறுகேள்வி கேட்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இரத்தத்தில் ஊறியது. ஆனால் சாரத்தின் மேலும் மின்கம்பியின் அருகிலும் வேலை செய்கிறவன் புரியாமல் 'சரி' சொன்னால் அது உயிரைப் பறிக்கும். 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்ற வாக்கியத்தை இந்தி, ஆங்கிலம், மலையாளம் ஆகிய மொழிகளில் பழகாமல் எந்தப் பிள்ளையும் விமானம் ஏறக் கூடாது.

நான்காவது தங்குமிடம். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் பல நாட்டுத் தொழிலாளர்கள் தங்குவார்கள். சமையலறைக்கு முறை வைத்திருப்பார்கள். ஒருவரின் கருவாட்டு மணம் மற்றவருக்குத் தாங்காது, அவருடைய மசாலா இவருக்கு ஒத்துக்கொள்ளாது. எகிப்தைவிட்டு வெளியேறிய இஸ்ரயேல் மக்கள் பாலைநிலத்தில் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுததாக எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அடிமை வாழ்வின் உணவுக்காகவா அழுதார்கள் என்று நாம் வியக்கிறோம். சொந்த ஊர்ச் சாப்பாட்டுக்கான ஏக்கம் அவ்வளவு வலியது. அதைக் கேலி செய்ய வேண்டாம்.

ஐந்தாவது வெயில். மழையும் மூடுபனியும் நிறைந்த சேரம்பாடியிலிருந்து போகிறவனுக்கு வளைகுடாவின் சூன், சூலை மாத வெயில் கண்ணை இருட்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2005 முதல் கோடை மாதங்களில் நண்பகல் நேரத்தில் வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. இப்போது அது சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை. இது தயவு அல்ல, சட்டம் என்று தெரிந்திருந்தால்தான் தொழிலாளி அதைக் கேட்டுப் பெற முடியும்.

வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் நிலை இன்னும் கடினம். ஆண்களுக்கு அறைத் தோழர்களாவது இருப்பார்கள். வீட்டு வேலை செய்பவர் நான்கு சுவருக்குள் தனியாக ஓர் அயல் பண்பாட்டைச் சந்திக்கிறார். எங்கே உட்காருவது, எப்போது உண்பது, யாரிடம் பேசலாம் என்று ஒவ்வொன்றும் புதிர். ஆகவேதான் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு உள்ள பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று இந்திய அரசு விதி வைத்திருக்கிறது. வயதைக் கூட்டிக் காட்டி அனுப்பும் ஏஜென்ட்டை நம் ஊர்ப் பக்கம் அண்டவிடக் கூடாது.

போகுமுன் செய்ய வேண்டியவை

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிமுறைப்படி, வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். இதைத் தவிர்க்கவே சிலர் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள். அப்படிச் சென்றவனுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, புகார் செய்யும் வாய்ப்பும் குறைவு. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக் கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி. வரியும் என்று உச்ச வரம்பு உண்டு. இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. இலங்கையிலிருந்து வந்த நம் முன்னோரின் மறுவாழ்வைக் கவனித்த அரசுத் துறையே இன்று அயலகத் தமிழர் நலனையும் கவனிக்கிறது என்பதை அறிந்தால், நம் குடும்பங்களின் கதை அதன் பெயரிலேயே எழுதப்பட்டிருப்பதை உணர்வோம்.

காகிதங்கள் ஒருபுறம் இருக்க, மனதுக்கான தயாரிப்பு ஒன்றும் வேண்டும். முதல் மூன்று மாதங்களில் பெரிய முடிவு எதையும் எடுக்காதே என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அந்நாட்டு மொழியில் இருபது சொற்களை எழுதிக் கொடுங்கள். வித்தியாசமான ஒன்றைக் கண்டால் 'ஏன் இப்படி மோசமாக இருக்கிறார்கள்?' என்று கேட்காமல் 'இது இவர்களுக்கு என்ன பொருள்?' என்று கேட்கப் பழக்குங்கள். நம் ஊர்க்காரர்களோடு சேர்ந்திருப்பது ஆறுதல்தான், ஆனால் அவர்களோடு மட்டுமே இருந்தால் புலம்பல்தான் வளரும். வேறு நாட்டவர் ஒருவரையாவது நண்பராக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தொலைபேசியில் 'எப்போது பணம் அனுப்புவாய்?' என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. 'நன்றாக இருக்கிறேன்' என்று பிள்ளை சொல்லும்போது அதன் பின்னால் இருப்பதையும் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து அவன் திரும்பும்போது, அவனுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது என்பதையும் மறவாதீர்கள். பிள்ளை அப்பாவை அடையாளம் காணாமல் ஒதுங்கும். நண்பர்கள் கடன் கேட்பார்கள். வீடு சுருங்கிவிட்டதுபோல் தோன்றும். அவனைக் 'கல்ஃப்காரன்' என்று கிண்டல் செய்வது, அவனுடைய தாத்தாவைச் 'சிலோன்காரன்' என்று சொன்னதற்குச் சமம்.

இப்போது நம்மிடம் வந்திருப்பவர்கள்

நம் பிள்ளைகள் போன இடத்தில் வேறு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்களும் குடும்பங்களும் இன்று நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நம் மலை அயல்நாடு. மேஸ்திரியின் தமிழ் புரியாது, அட்டைக்கடி பழகியிருக்காது, நம் சாம்பார் இறங்காது. நாம் தலையாட்டினால் ஆமாவா இல்லையா என்று அவர்களும் விழிக்கிறார்கள்.

அவர்களில் ஜார்க்கண்ட் பழங்குடியினர் பலர் கத்தோலிக்கர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சோட்டா நாக்பூரில் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருவான கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885இல் பணி தொடங்கிய நாள் முதல் முண்டா, ஓராவோன், காரியா மக்களிடையே வளர்ந்த உறுதியான விசுவாசம் அவர்களுடையது. அவர்கள் நம் ஆலயத்தில் கடைசி வரிசையில் நின்று, புரியாத மொழியில் திருப்பலி கண்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிப் போகிறார்கள். குவைத்தில் நம் பிள்ளை அப்படி நின்றால் நமக்கு எப்படி இருக்கும்?

நாம் செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒரு வாசகத்தையும் ஒரு பாடலையும் இந்தியில் வைக்கலாம். அன்பியக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து, ஒரு வீட்டில் ஒரு வேளை உணவு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் நடைமுறையில் இருப்பதால், தங்கள் மாநில அட்டையைக் கொண்டே இங்கே அரிசி வாங்கலாம் என்று சொல்லித் தரலாம். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூடவே போய் நிற்கலாம். முக்கியமாக, 'வடக்கன்' என்று அழைப்பதை நிறுத்திப் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஒரு பட்டப்பெயர் எவ்வளவு காலம் வலிக்கும் என்பது நமக்குத் தெரியும்.

திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்கள் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்து, 1985இல் பெரு நாட்டுக்கு மறைப்பணியாளராகச் சென்று, அந்த மக்களின் மொழியையும் வாழ்வையும் கற்று, 2015இல் அந்நாட்டுக் குடிமகனும் ஆனவர். அயல்மண்ணைச் சொந்த மண்ணாக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வும் ஒரு சான்று. அதற்கு வந்தவரின் பொறுமை தேவை. இருப்பவரின் திறந்த கதவும் தேவை. 2018ஆம் ஆண்டு உலகக் குடிபெயர்ந்தோர் நாளுக்கான செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் முன்வைத்த நான்கு செயல்களும் இதையே கேட்கின்றன: வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்துதல், ஒருங்கிணைத்தல்.

அன்புக்குரியவர்களே, இராமேசுவரத்தில் இறங்கிய நம் குடும்பங்களுக்கு யாரோ ஒருவர் முதல் தண்ணீர் கொடுத்தார், யாரோ ஒருவர் கடைக்கு வழி காட்டினார், யாரோ ஒருவர் 'பாண்' என்றால் என்ன என்று கேட்டுச் சிரித்தபடியே ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். அந்த யாரோ ஒருவராக இன்று நாம் இருக்க வேண்டிய முறை வந்திருக்கிறது. வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், கடைசி வரிசையில் நிற்கும் அந்த இளைஞனிடம் சென்று முதலில் அவன் பெயரைக் கேட்போம்.